சிசாபானியில் பத்து மீட்டர் என்றால் ராஜாபூரில் எவ்வளவு?

முதல் நாள்: சிசாபானி

மேற்கு நேபாளத்தின் கர்ணாலி ஆற்றில் வெள்ள முன்னெச்சரிக்கை கிராமம் வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க ஐந்து நாள் பயணம். நேபாள்கஞ்ச், கோஹல்பூர், பிறகு மகேந்திர நெடுஞ்சாலையில் மேற்கே. பர்தியா தேசியப் பூங்காவின் சால் மரக் காட்டுக்குள் வண்டிகளுக்கு நேரச்சீட்டு உண்டு. குறித்த நேரத்துக்கு முன்னால் மறுமுனைக்குப் போய்விட்டால் அபராதம். மானும் யானையும் குறுக்கே வரும் சாலை, நியாயம்தான். காடு முடிந்ததும் கண்ணில் படுவது கர்ணாலிப் பாலம்: ஒற்றைக் கோபுரம், இருபுறமும் விறைத்த கம்பிவடங்கள், 500 மீட்டர் நீளம், 1993-இல் முடிந்த கட்டுமானம். வருகிறவர்கள் எல்லோரும் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள். இந்தப் பயணத்துக்கு வேண்டியது கீழே ஆற்று ஓரத்தில் இருக்கும் நீர்மட்ட அளவுகோல்.

கர்ணாலி மலையை விட்டு இறங்கும் வாசல் சிசாபானி. இதற்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 43,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழையும் உருகும் பனியும் இந்த ஒரு இடுக்கு வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அளவு நிலையம் வைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. இருபுறமும் மலை, ஆறு ஓடிப்போக வேறு வழியில்லை. இங்கே ஏறுகிற தண்ணீர் கீழே உள்ள கிராமங்களைத் தொட 2 முதல் 3 மணி நேரம். முன்னெச்சரிக்கை ஏற்பாடு முழுவதும் இந்த 2, 3 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

நேபாள நீரியல் வானிலைத் துறை இங்கே வைத்திருக்கும் எல்லைகள் இரண்டு. 10 மீட்டர் எச்சரிக்கை, 10.8 மீட்டர் அபாயம். இதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பத்து மீட்டர் என்பது ஆற்றின் ஆழம் அல்ல. அளவுகோலின் பூஜ்யம் யாரோ ஒரு காலத்தில் வசதிக்காகக் குறித்த இடம், ஆற்றின் அடித்தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே "பத்து மீட்டர் தண்ணீர் வருகிறது" என்று கிராமத்துக்குப் போன் செய்தால் கேட்பவர் மூன்று மாடி உயர அலையைக் கற்பனை செய்துகொள்வார். பத்து மீட்டர் வந்தபின் வயலில் முழங்கால் தண்ணீர்தான் என்று கண்டால், அடுத்த போனை அவர் நம்பமாட்டார்.

கருவி பற்றிக் கொஞ்சம். இப்போதெல்லாம் ரேடார் கருவிகளையே விரும்பி வைக்கிறார்கள், தண்ணீரைத் தொடாமல் அளப்பதால் மரக்கட்டை வந்து மோதும் பயம் இல்லை. ரேடார் அளப்பது தனக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை. அதைக் கழித்துத்தான் மட்டம் கிடைக்கிறது. கருவியைத் தாங்கும் இரும்புக் கை 5 சென்டிமீட்டர் தொய்ந்தால், கணக்கில் ஆறு 5 சென்டிமீட்டர் ஏறிவிடும். மழைக்காலத்துக்கு முன் அளவுகோலை நேரில் படித்து, கருவி காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இதனால்தான். கூம்புக்குள் குளவி கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும். சோலார் பலகையில் புழுதி படிந்தால் வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஐந்து நாள் தொடர்ந்து மேகம் மூடும்போதுதான் பேட்டரி இறங்கும். கருவி எப்போது வேண்டுமோ சரியாக அப்போது.

ஆகவே மனிதர் ஒருவர் இருக்கிறார். அளவு படிப்பவர். சாதாரண நாளில் பகலில் சில முறை, வெள்ளத்தில் மணிக்கு ஒரு முறையாவது, இரவும் சேர்த்து. இரவில் படிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. டார்ச் அடித்தவுடன் தெரிகிற எண்ணை எழுதக் கூடாது. அலை அடித்துக்கொண்டிருக்கும். அரை நிமிடம் பார்த்து, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவை எடுக்க வேண்டும். எண்ணோடு நேரமும் எழுத வேண்டும். நேரம் இல்லாத மட்டத்தை வைத்துக்கொண்டு ஏற்ற வேகத்தைக் கணக்கிட முடியாது, வேகம் தெரியாமல் கீழே யாரும் முடிவெடுக்கவும் முடியாது.

2014 ஆகஸ்ட் 14 இரவும் 15 விடியலும் இந்த அளவுகோலைத் தாண்டிப் போன நாட்கள். மட்டம் 16 மீட்டரைக் கடந்தது, அபாய எல்லைக்கு மேலே இன்னும் ஐந்து மீட்டர். மலைப்பனி காரணமில்லை. சிசாபானி, சுர்க்கேத் பக்கம் ஒரே நாளில் கொட்டிய மழை.

இரண்டாம் நாள்: ராஜாபூர்

சிசாபானிக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே கெருவா, மேற்கே கர்ணாலி. எல்லை தாண்டி உத்தரப் பிரதேசத்தின் கதர்னியாகாட் காட்டில் மீண்டும் சேர்ந்து காக்ரா என்ற பெயரோடு போகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட தீவுதான் ராஜாபூர். நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பி, குலரியா சுற்றி, கோத்தியாகாட் பாலம் ஏறி உள்ளே வந்தோம். பாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மே மாதக் கடைசியில் அதன் கீழே பாதிக்கு மேல் மணலும் கூழாங்கல்லும்தான்.

தெற்கு நேபாளச் சமவெளியின் பழங்குடிகளான தாரு மக்களின் ஊர்கள். மூங்கிலும் மண்ணும் கலந்த சுவர், உள்ளே ஆளுயர மண் குதிர்கள். தாரு மொழியில் டெஹ்ரி என்கிறார்கள். களிமண், வைக்கோல், சாணம் குழைத்துப் பெண்கள் கையால் எழுப்புவது, பெரும்பாலும் அதுவே அறைக்கும் அறைக்கும் நடுச்சுவர். நெல்லுக்கு எலியிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் நல்ல பாதுகாப்பு. தண்ணீரில் மட்டும் நிற்காது. அடிப்பகுதி அரை நாள் ஊறினால் கரைந்து உட்காரும், ஓராண்டு நெல்லும் சேற்றோடு போகும். உயிர் தப்பிய வீடுகளும் 2014-க்குப் பிறகு மாதக்கணக்கில் நிவாரண அரிசிக்கு நின்றதன் ஒரு காரணம் இது. முன்னெச்சரிக்கைக் கூட்டத்தில் "விலைமதிப்புள்ள பொருள்களை எடுத்து வையுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. நகையும் நிலப்பத்திரமும் எப்படியும் மடியில் ஏறிவிடும். கேட்க வேண்டிய கேள்வி, குதிர் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்பது. செங்கல் மேடை எழுப்பி அதன்மேல் நெற்குதிர் வைத்த வீடுகளைப் பார்க்க முடிகிறது. மேடை எவ்வளவு உயரம் என்பதை வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய வெள்ளக் கறையே சொல்லிவிடும். கறைக்கு மேலே ஒரு முழம்.

இனி தலைப்புக் கேள்வி. சிசாபானியில் ஒரே எண்தான், இரண்டு கிளைக்கும் அதுவே. ஆனால் தண்ணீர் எந்தக் கிளையில் எவ்வளவு போகிறது என்பது நிலையானதல்ல. ஒரு காலத்தில் பெரும்பங்கு கெருவாவில் போனது. வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மணலும் பிரிவு வாயை மாற்ற, இப்போது மேற்குக் கிளையே பெரிது. அதே பத்து மீட்டர் இருபது ஆண்டுக்கு முன் கெருவாக் கரைக்கு ஒரு பொருள், இன்று இன்னொரு பொருள். மேற்குக் கரையில் நேர்மாறாக. பழைய பட்டியலைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அந்தப் பட்டியலே ஆபத்து.

இதற்கு மாற்று, ஒவ்வொரு ஊரும் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்வது. செலவு ஒரு நோட்டு, கொஞ்சம் பெயின்ட். ஊர் ஓரத்தில் ஆறு நுழையும் தாழ்வான இடத்தில் ஒரு கான்கிரீட் கம்பம். பச்சை, மஞ்சள், சிவப்பு. மழைக்காலம் முழுவதும் சிசாபானி மட்டமும் நேரமும் ஒரு பத்தியில், கம்பத்தில் தண்ணீர் நின்ற இடமும் நேரமும் அடுத்த பத்தியில். ஒரே பருவத்தில் ஐந்தாறு ஏற்றங்கள் கிடைத்துவிடும். "சிசாபானி 9.5 ஆனால் இரண்டரை மணி கழித்து நம் மதகில் தண்ணீர்" என்கிற மாதிரி ஊருக்கே உரிய ஒரு வரி அதிலிருந்து வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கம்பத்தைக் கரை ஓரத்திலேயே நட்டுவிடக் கூடாது, கரை அரிக்கும்போது கம்பமும் போகும். கொஞ்சம் உள்ளே தள்ளி, எல்லோரும் நடக்கும் பாதையோரத்தில்.

ராஜாபூருக்கென்று இன்னொரு சிக்கல். இந்தத் தீவு முழுவதும் வாய்க்கால். தாரு விவசாயிகள் தலைமுறைகளாகத் தாங்களே வெட்டி, தாங்களே தூர்வாரி நடத்தும் பாசனம். அந்த வாய்க்கால்கள் வெள்ளத்துக்கும் வழிதான். கரை உடையுமுன்பே தலைமதகு வழியாக ஆறு ஊருக்குள் வந்துவிடும், அதுவும் கரையிலிருந்து தள்ளி, "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று இருக்கும் ஊர்களுக்கு. மதகை இறக்குபவர் போன் பட்டியலில் முதல் ஐந்து பெயருக்குள் இருக்க வேண்டும். பல பட்டியல்களில் அந்தப் பெயரே கிடையாது.

மூன்றாம் நாள்: ராஜாபூரிலேயே, செய்தி போகும் வழி

மட்டம் எல்லையைத் தொட்டதும் செய்தி பல வழிகளில் கிளம்புகிறது. துறையின் இணையதளம், 1155 என்ற கட்டணமில்லா எண், 2016-லிருந்து ஆற்றோரப் பகுதிகளில் உள்ள கைபேசிகளுக்கு மொத்தமாகப் போகும் குறுஞ்செய்தி, மாவட்ட அவசர மையம், போலீஸ், எஃப்.எம். வானொலி. காகிதத்தில் பார்த்தால் பலமான ஏற்பாடு. ஆனால் குறுஞ்செய்தி இரவு இரண்டு மணிக்கு வந்தால் போன் தலையணைக்கு அடியில் ஒரு முறை அதிர்ந்துவிட்டுப் படுத்துவிடும். மின்சாரம் போய்க் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தால் அதுவும் இல்லை. கடைசிக் கண்ணியில் ஆள் வேண்டும் என்பது அதனால்தான்.

ஊர்தோறும் பேரிடர்க் குழு உண்டு. அதற்குள் எச்சரிக்கை, மீட்பு, முதலுதவி என்று தனித்தனி அணிகள். சரக்கு அறையில் பொதுவாக இருப்பவை: கையால் சுற்றும் சைரன், மெகாஃபோன், லைஃப் ஜாக்கெட், கயிறு, டார்ச், ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி. மெகாஃபோனில் பேட்டரியைப் போட்டே வைத்தால் கசிந்து தகடு பச்சை பிடிக்கும். பேட்டரி தனிப் பையில், மெகாஃபோன் கைப்பிடியில் கட்டி. அறைச் சாவி இரண்டு, இரண்டு வீட்டில். மழைக்கால நடு இரவில் சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருப்பார் என்று எண்ணித்தான் திட்டம் போட வேண்டும்.

கைச் சைரனைப் பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. வெட்டவெளியில், காற்று ஒத்துழைத்தால், ஒரு கிலோமீட்டர் வரை கேட்கும். அதே சைரன் தகரக் கூரைக்குள் கனமழை நேரத்தில் நூறு மீட்டரில் கேட்காது. தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்துக்குள் உறங்குபவரை எழுப்ப ஒரே வழி கதவைத் தட்டுவது. ஆகவே ஓர் ஆளுக்கு இருபது, இருபத்தைந்து வீடு. அதற்கு மேல் கொடுத்தால் அரை மணியில் முடியாது. தட்டும்போதே கணக்கெடுப்பும்: கர்ப்பிணி, படுத்த படுக்கை, கைக்குழந்தை உள்ள வீடுகளின் பெயர் அந்த ஆளின் சட்டைப்பையில் முன்பே இருக்க வேண்டும். முதல் தட்டு அங்கே.

தாரு ஊர்களில் பட்கர் என்ற ஊர்த்தலைவர் உண்டு. அவருக்குக் கீழே வீடுவீடாகச் செய்தி சொல்லும் ஆளும் உண்டு, நம் ஊர்த் தண்டோராக்காரரைப் போல. கூலி வேலைக்கு அழைப்பது முதல் பூசைக்குக் கூப்பிடுவது வரை அந்த ஆள் வழிதான். வெள்ளச் செய்தியும் அதே வாயிலிருந்து வந்தால் யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை. வெளியிலிருந்து வந்து புதிதாகக் குழு அமைப்பவர்கள் இதைத் தவறவிட்டு, படித்த இளைஞர் ஒருவரைத் தொடர்பாளர் ஆக்கிவிடுகிறார்கள். அவர் அடுத்த ஆவணியில் கத்தாரில் இருப்பார். இன்னொன்று: பட்கரைத் தேர்ந்தெடுப்பது மாகிப் பண்டிகையில், நம் பொங்கலை ஒட்டி. ஜனவரியில் ஆள் மாறுகிறார், போன் பட்டியலை ஜூனில் சரிபார்க்கிறார்கள். நடுவில் ஐந்து மாதம் பழைய பெயர். மாகி முடிந்த வாரமே சரிபார்த்துவிடலாம், ஜூனில் இன்னொரு முறை. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் ஊரைவிட்டுப் போகாத பெண். ஆண்கள் பாதிப்பேர் வெளிநாட்டிலோ லூதியானாவிலோ இருக்கும் ஊர்களில் இதில் பேரமே கிடையாது.

போனில் பேசுவதற்கும் ஒரு வடிவம் பழக்க வேண்டும். "காகா, சிசாபானி பத்து தாண்டிவிட்டது. மணி ஒன்பது இருபது. போன மணியைவிட நாற்பது சென்டிமீட்டர் ஏற்றம். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்." மட்டம், நேரம், ஏறுகிறதா இறங்குகிறதா. திருப்பிச் சொல்லவைப்பது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறார்கள். ஆனால் இரைச்சலில் பத்து, பத்தரை ஆவது சுலபம். சங்கிலியில் ஒருவர் மூன்று பேருக்குச் சொல்லி, கடைசி ஆள் முதல் ஆளுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். திரும்ப அழைப்பு வராவிட்டால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, சைக்கிளில் ஆள் போக வேண்டும்.

குறைந்தபட்சமான 2 மணி நேரத்தை, 120 நிமிடத்தை, செலவு செய்து பார்த்தோம். கருவி அடுத்த அளவை அனுப்பும்வரை 15. உறுதிப்படுத்த 10. போன் சங்கிலி 20. கதவு தட்ட 30. மூட்டை கட்ட 15. முதியவரோடும் மாட்டோடும் மேட்டுக்கு நடக்க 30. கூட்டினால் 120. மிச்சம் ஒன்றுமில்லை. 10.8 வந்த பிறகு கிளம்பலாம் என்றிருக்கும் தாழ்வான ஊர் தோற்றுவிடும். முதியவரும் கர்ப்பிணியும் கால்நடையும் பத்து மீட்டரிலேயே நகர வேண்டும், மற்றவர்கள் அபாய எல்லையில். மணிக்கு 40 சென்டிமீட்டர் ஏறினால் பத்துக்கும் 10.8-க்கும் நடுவே 2 மணி நேரம். 80 சென்டிமீட்டர் ஏறினால் ஒன்றுதான். ஏற்ற வேகத்தைப் போனில் சொல்லச் சொன்னது இதற்காக.

நான்காம் நாள்: மேற்குக் கரை, டிகாபூர்

சுருக்கமாகவே எழுதுகிறேன், இங்கும் ஏற்பாடு அதேதான். ஒத்திகை மட்டும் பேச வேண்டிய விஷயம். வறண்ட காலத்தில், பகல் பதினொரு மணிக்கு, அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க நடக்கும் ஒத்திகையில் எல்லாம் சரியாகவே போகும். ஆஷாட நடவில் ஊரே வயலில் இருக்கும்போது ஒன்று, இரவு எட்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒன்று நடத்தினால்தான் குறை தெரியும். மாட்டை அவிழ்க்காமல் மக்கள் வரமாட்டார்கள் என்பதும், தூண்மேல் கட்டிய தங்குமிடத்தின் கீழே மாட்டுக்கு இடமில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வரும். அடிகுழாய் மேடையின் உயரத்தையும் அன்றே பார்த்துவிடலாம். தங்குமிடம் தண்ணீருக்கு மேலே, குடிநீர்க் குழாய் தண்ணீருக்கு அடியில் என்றால் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு.

எச்சரித்தும் வெள்ளம் வராமல் போகும் நாள்களுக்கும் ஒரு நடைமுறை வேண்டும். மறுநாள் காலை பட்கர் வாயாலேயே சொல்லிவிடுவது: 10.3 வரை வந்தது, அங்கேயே நின்று இறங்கியது. எண்ணைச் சொன்னால் "பொய் சைரன்" என்ற பேச்சு பாதி அடங்கும்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழியில், சிற்றாறுகள்

சிசாபானி போன்ற வாசல் எல்லா ஆற்றுக்கும் வாய்ப்பதில்லை. சிவாலிக் மலையடியில் பிறக்கும் சிற்றாறுகள் மதியம் வறண்டு, மாலை மழைக்கு அரை மணியில் நுரைத்து வரும். தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. இங்கே மழையே எச்சரிக்கை. நேபாளத்தில் மழை அளவுக்கு வைத்திருக்கும் எல்லைகள்: 1 மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர், 3 மணியில் 80, 6 மணியில் 100, 12 மணியில் 120, 24 மணியில் 140.

மழைமானியைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கவிழும் வாளி வகையில் வாய் விட்டம் 20 சென்டிமீட்டர், ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீட்டர் என்றால், கணக்குப்படி ஒரு கவிழ்ப்புக்கு 6.28 மில்லிலிட்டர் தண்ணீர். தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு, 628 மில்லிலிட்டரை அளந்து, அரை மணிக்குக் குறையாமல் சொட்டச் சொட்ட விட வேண்டும். நூறு கவிழ்ப்பு வர வேண்டும். மூன்று நான்கு முன்பின் இருக்கலாம். எண்பது வந்தால் புனலில் இலை, அல்லது வாளியில் சேறு. வேகமாக ஊற்றினால் வாளி கவிழும் நொடியில் தண்ணீர் வீணாகி எண்ணிக்கை குறையும், கருவிமேல் பழி விழும்.

மேல் ஊரிலிருந்து கீழ் ஊருக்கு நேரடியாகச் சொல்லும் சிறு கருவி இன்னொரு வழி. காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் அஸ்ஸாமின் ஜியாதல், சிங்கோரா ஆறுகளில் ஆரண்யக் அமைப்போடு சேர்ந்து வைத்தது இந்த வகை. 2014-இல் ஐ.நா. காலநிலை விருது பெற்றது. பிறகு நேபாளத்தின் மகோத்தரியிலிருந்து பீகாரின் சீதாமடிக்கு ஓடும் ராதுவிலும் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊருக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்தான் போன் செய்கிறான். தலைநகரங்கள் வழியாகச் சுற்றிப்போக அந்த ஆறு நேரம் தருவதில்லை.

தத்துவம் எளிது. குழாய்க்குள் வெவ்வேறு உயரத்தில் உலோக முனைகள், தண்ணீர் தொட்டதும் சுற்று மூடும், ரேடியோ அலை கீழே ஒரு வீட்டில் இருக்கும் பெட்டியை அலறவைக்கும். கெடும் விதங்களும் எளிது. குழாயின் அடித்துளையில் வண்டல் அடைத்தால் வெள்ளம் வடிந்தும் உள்ளே தண்ணீர் நிற்கும், அலறல் நிற்காது. முனைகளில் பாசி படிந்தால் ஈரமே சுற்றை மூடிவிடும். பாலத்தூணில் கட்டும்போது நீர் வரும் பக்கம் கட்டினால் முதல் மரக்கட்டை பிடுங்கிக்கொண்டு போகும், மறுபக்கம் கட்ட வேண்டும். அங்கே மட்டம் சற்றுத் தாழ்ந்து தெரியும், முனைகளின் உயரத்தை அதற்கேற்ப இறக்கிக்கொள்ளலாம். ரேடியோவைச் சித்திரையில் சோதித்துவிட்டுப் போகக் கூடாது. அப்போது மூங்கில் இலையுதிர்ந்து நிற்கும். ஆடியில், தழைத்து நனைந்த மூங்கில் தோப்பு நடுவில் நிற்கும்போது அலை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இடிதாங்கிக்குத் தரைக்கம்பி தனி.

பெட்டி யார் வீட்டில் என்பதில் ஊருக்குள் சண்டை வரும். பெரிய வீட்டுக்குப் போகும், அங்கே கூடத்தில் துணி போர்த்தி வைப்பார்கள். சிறிய வீடானாலும் படுக்கும் அறையில் இருக்க வேண்டும். பராமரிப்பவருக்கு மாதச் சிறு தொகை ஊர் நிதியிலிருந்து, சிம் ரீசார்ஜும் அதிலேயே. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு குட்டை ஒலி, சோதனைக்கு. நேபாளத்தில் அன்று விடுமுறை, ஆள்கள் வீட்டில் இருப்பார்கள். நாலைந்து வாரத்தில் அந்த ஒலி ஊருக்குப் பழகிவிடும். பிறகு ஒரு சனிக்கிழமை ஒலி கேட்காவிட்டால், எட்டரை மணிக்குள் யாராவது வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள்: "தீதி, பெட்டிக்கு என்ன ஆச்சு?"